லெதர் ஜாக்கெட் குளிர் தாங்குமா? விமானிகளின் மேலங்கிக்குப் பின்னால் ஒரு வரலாறு

ஜாக்கெட் என்றதும் நம்மூரில் பலருக்கு நினைவுக்கு வருவது புடவைக்கு மேட்ச்சாகத் தைக்கும் ரவிக்கைதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல! 1986-ல் வந்த 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் போட்டிருப்பாரே, பழுப்பு நிறத்தில், ரோமக் காலர் வைத்து, மார்பிலும் தோளிலும் பேட்ஜ் தைத்த லெதர் ஜாக்கெட்... அந்த வகையறாவைப் பற்றியது.

ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் சில கம்பெனிகள் இரண்டாம் உலகப்போர் கால விமானிகளின் ஜாக்கெட்டுகளை நூல், ஜிப், பட்டன் உட்பட அப்படியே திரும்பத் தைத்து விற்கின்றன. விலை பல நூறு டாலரில் தொடங்கி ஆயிரம் டாலருக்கு மேலும் போகிறது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர் என்ன நினைப்பார்? "ஆகாயத்தில் விமானி போட்டது, அப்படியென்றால் எந்தக் குளிரையும் தாங்கும்" என்றுதான். இந்த நினைப்பு பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று தெரிய வேண்டுமானால், ஜாக்கெட்டைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும்.

உயரே போகப் போக...

மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம், அதனால் சூடு அதிகமாக இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்தவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. தரையில் 15 டிகிரி இருக்கும் ஒரு இதமான நாளில், 25,000 அடி உயரத்தில், அதாவது சுமார் 7,600 மீட்டரில், மைனஸ் 34 டிகிரி இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெட்டிக்குள்ளேயே மைனஸ் 18 டிகிரிதான். ஃப்ரீசருக்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அதைவிட மோசம்.

இதோடு காற்று வேறு. மார்கழி அதிகாலையில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். நிற்கும்போது தெரியாத குளிர், வண்டி வேகம் எடுத்ததும் எலும்பு வரை இறங்கும். நம் உடம்பு தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய காற்றுப் படலத்தைச் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. காற்றடித்தால் அந்தப் படலம் பறந்துவிடும். உடம்பு மறுபடி சூடாக்க வேண்டும், அதுவும் பறந்துவிடும். பால் சைபிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1941-ல் அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரைத் தொங்கவிட்டு, காற்றின் வேகத்துக்கு ஏற்ப அது எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று கணக்கெடுத்தார்கள். குளிர் நாடுகளின் வானிலை அறிக்கைகளில் 'காற்றோடு சேர்ந்த குளிர்' என்று தனியாக ஒரு எண் சொல்கிறார்களே, அதன் தொடக்கம் அந்தக் குப்பிதான்.

ஆக, விமானியின் உடைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, காற்று உள்ளே வராமல் தடுப்பது. இரண்டு, உள்ளே இருக்கும் சூடான காற்றை அசையாமல் பிடித்து வைப்பது. இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்து வைப்பார்கள். மரத்தூள் குளிர்ச்சியான பொருள் இல்லை. துகள்களுக்கு நடுவே சிக்கிய காற்று நகராமல் நிற்பதால் வெளிச் சூடு உள்ளே போவதில்லை, அவ்வளவுதான். ஆட்டு ரோமமும் அப்படியே. சுருள் சுருளான ரோமத்துக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் கதகதப்பு.

தோல் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்யும். இரண்டாவது வேலை அதற்குச் சரியாக வராது. தோல் ஒரு சுவர் என்றால் ரோமம் ஒரு போர்வை. விமானி ஜாக்கெட்டுகளின் மொத்தக் கதையும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது.

எண்ணெய்ப் பிசுக்கு சொல்லிக் கொடுத்த பாடம்

முதல் உலகப்போர் விமானங்களில் விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. தலையும் தோளும் வெளியே, முகத்துக்கு நேராக சுழலும் விசிறியின் காற்று. நீளமான லெதர் கோட், ரோமம் வைத்த பூட்ஸ், கம்பளி மஃப்ளர் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு போனார்கள்.

பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் இருந்தார். ஒரு குளிர்கால நாளில் அவர் எண்ணெய்க் கறை படிந்த ஓவரால் உடையோடு இன்ஜின் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று பறக்க அழைப்பு வந்தது. உடை மாற்ற நேரமில்லை, அப்படியே ஏறிவிட்டார். திரும்பி வந்தபோது முறையான பறக்கும் உடை போட்டிருந்த மற்றவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். காட்டனுக்கு அவ்வளவாகக் குளிரவில்லை! காரணத்தை யோசித்தார். துணியின் இடுக்குகளில் எல்லாம் எண்ணெயும் கிரீஸும் ஊறி அடைத்திருந்ததால் காற்று உள்ளே புகவில்லை, உடம்புச் சூடு வெளியே போகவில்லை.

இந்த யோசனையை வைத்து 1917-ல் அவர் வடிவமைத்ததுதான் 'சிட்காட்' உடை. உள்ளே மெல்லிய ரோமம், நடுவில் காற்று புகாத பட்டு, வெளியே நெருக்கமாக நெய்த துணி. தோல் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். குளிரை வெல்ல தோல் கட்டாயம் இல்லை, காற்றைத் தடுக்கும் ஒரு அடுக்கும் காற்றைப் பிடித்து வைக்கும் ஒரு அடுக்கும் போதும் என்பது 1917-லேயே தெரிந்துவிட்டது.

ஏ-2: அழகன், ஆனால் கதகதப்பு இல்லை

இப்போது உலகில் அதிகமாக நகலெடுக்கப்படும் விமானி ஜாக்கெட்டுகளில் ஒன்று அமெரிக்க ராணுவ விமானப் பிரிவின் ஏ-2. 1927-ல் வந்த ஏ-1 மாடலில் பட்டன்களும், ஸ்வெட்டர் போலப் பின்னிய காலரும் இருந்தன. 1931-ல் அதற்குப் பதிலாக வந்த ஏ-2வில் பட்டனுக்குப் பதில் ஜிப். அந்தக் காலத்தில் மேலுடையில் ஜிப் என்பது புதுமை. சட்டைக் காலர் போன்ற தோல் காலர், அது காற்றில் படபடக்காமல் இருக்க அழுத்து பட்டன், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல், முன்னால் மூடி வைத்த இரண்டு பாக்கெட். பெரும்பாலும் குதிரைத் தோல், சில வெள்ளாட்டுத் தோல். உள்ளே லைனிங்? ஆரம்பத்தில் பட்டு, பிறகு பருத்தித் துணி.

ரோமம் இல்லை, பஞ்சு இல்லை. மெல்லிய துணி மட்டுமே! அதாவது ஏ-2 என்பது காற்றுத் தடுப்பான். அது கம்பளிச் சட்டைக்கு மேல், மிதமான குளிரில், உயரம் குறைந்த பறத்தலில் போடுவதற்கான உடை. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு என்று காற்று நுழையும் மூன்று வழிகளையும் அடைத்துவிட்டு, உள்ளே போடும் உடையின் சூட்டைக் காப்பாற்றும். உள்ளே ஒன்றும் போடாவிட்டால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

வசதி என்று பார்த்தாலும் அதில் குறைகள் உண்டு. முதுகுப் பக்கம் ஒரே துண்டுத் தோல், மடிப்பு கிடையாது. கையை முன்னால் நீட்டினால் தோள்பட்டையில் இழுக்கும். பாக்கெட்டுகள் மேலிருந்து திறப்பவை, கையை நுழைத்துச் சூடேற்றிக்கொள்ள ஏற்றவை அல்ல. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜாக்கெட் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. எம்-422ஏ என்ற பெயரில் போர்க்காலத்தில் இருந்து, பிற்பாடு ஜி-1 என்று பெயர் பெற்ற அந்த ஜாக்கெட்டில் வெள்ளாட்டுத் தோலும், கழுத்துக்கு ரோமக் காலரும், கை தாராளமாக அசைய முதுகில் இரண்டு பக்கமும் மடிப்பும் உண்டு. டாம் குரூஸ் போட்டது இந்த வகைதான்.

இவ்வளவு குறை இருந்தும் ஏ-2 மேல் விமானப்படையினருக்கு இருந்த காதல் கொஞ்சநஞ்சம் அல்ல. அது விமானப்படைக்காரன் என்பதற்கு அடையாளம். முதுகில் தங்கள் விமானத்தின் பெயரையும் படத்தையும் வரைந்துகொண்டார்கள். ஒவ்வொரு தாக்குதல் பயணத்துக்கும் ஒரு சின்னக் குண்டு என்று வரிசையாக வரைந்தார்கள். உயிரோடு திரும்பிய நாட்களின் கணக்குப் புத்தகம் அது.

பி-3யும் இர்வினும்: கதகதப்பு, ஆனால்...

உயரப் பறப்பவர்களுக்கு ஏ-2 போதாது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. 1934-ல் அமெரிக்கப் படை பி-3 என்ற ஜாக்கெட்டை ஏற்றுக்கொண்டது. இது முழுக்க செம்மறியாட்டுத் தோல். ரோமத்தைச் சிரைக்காமல் அப்படியே பதனிட்டு, ரோமப் பக்கம் உள்ளேயும் தோல் பக்கம் வெளியேயும் வரும்படி தைத்தார்கள். வெளிப் பக்கத்தில் நீர் இறங்காமல் இருக்க ஒரு பூச்சு. கழுத்தை இறுக்க இரண்டு தோல் பட்டைகள். சுவரும் போர்வையும் ஒரே பொருளில்!

பிரிட்டனில் இதன் சகோதரன் இர்வின் ஜாக்கெட். இதை உருவாக்கிய லெஸ்லி இர்வின் ஒரு அமெரிக்கர், சாகசக்காரர். 1919 ஏப்ரல் 28 அன்று ஓஹியோவில் உள்ள மெக்குக் ஃபீல்டில் விமானத்திலிருந்து குதித்து, கீழே விழுந்துகொண்டே தன் கையால் கயிற்றை இழுத்து பாராசூட்டை விரித்துக் காட்டினார். இறங்கும்போது கணுக்கால் உடைந்தது, ஆனால் பாராசூட் வேலை செய்யும் என்பது நிரூபணமானது. அவருடைய கம்பெனிப் பெயரில் எழுத்துப் பிழையாக ஒரு 'ஜி' சேர்ந்து 'இர்விங்' ஆகிவிட, அதைத் திருத்தாமலேயே விட்டுவிட்டார்களாம். 1926-ல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் தொழிற்சாலை தொடங்கிய அவர், 1930களின் தொடக்கத்தில் செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் விமானப்படை அதை ஏற்றுக்கொண்டது. குண்டான கையுறை மாட்ட வசதியாக முன்கையில் ஜிப், இடுப்பில் பெல்ட். போர் நீண்டு தோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பெரிய துண்டுகளுக்குப் பதில் சிறுசிறு துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். ஒரு பழைய இர்வினில் தையல் கோடுகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பிற்காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கதகதப்பில் இவற்றுக்கு அந்தக் காலத்தில் ஈடு குறைவு. ரோமத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. ஆனால் பருமன்? இறுக்கமான விமானத்துக்குள் இதைப் போட்டுக்கொண்டு திரும்புவதே ஒரு வேலை. அதோடு, தரையில் இதை மாட்டிக்கொண்டு காத்திருக்கும்போது வியர்த்துக் கொட்டும். மேலே போனதும் அந்த வியர்வையே எதிரியாகும்.

ஐரோப்பிய வானில் நடந்த பரீட்சை

1942 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் 8வது விமானப்படை இங்கிலாந்திலிருந்து கிளம்பி பிரான்ஸின் ரூவான் நகர ரயில் யார்டைத் தாக்கியது. அதுதான் அதன் கனரக விமானங்களின் முதல் தாக்குதல். பி-17 விமானங்கள் 25,000 அடி அளவில், மணிக்கணக்கில் பறந்தன. இன்றைய பயணிகள் விமானம் போல உள்ளே காற்றழுத்தமோ சீரான சூடோ கிடையாது. நடுப்பகுதியில் இருந்த துப்பாக்கி வீரர்கள் இரண்டு பக்கமும் திறந்த ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். மைனஸ் 40 டிகிரி காற்று நேராக உள்ளே வீசியது.

அப்போது நடந்தது யாரும் எதிர்பாராதது. முதல் ஓராண்டுக்கும் மேலான காலத்தில், அந்தப் படையில் எதிரியின் குண்டு பட்டுக் காயமடைந்தவர்களைவிட, பனிக்கடி என்ற குளிர்க் காயத்தால் பறக்க முடியாமல் போனவர்கள் அதிகம். துப்பாக்கி அடைத்துக்கொண்டால் சரிசெய்ய கையுறையைக் கழற்ற வேண்டும். உறைந்த இரும்பில் வெறும் விரல் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கை, கால், முகம், காது என்று குளிர் பிடித்த இடம் முதலில் மரத்து, பிறகு கருகும். செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட் மார்பையும் முதுகையும் காத்தது. விரல்களுக்கு அதனால் என்ன செய்ய முடியும்?

தீர்வாக மின்சாரம் வந்தது. உடைக்குள் கம்பி ஓட்டி, விமானத்தின் மின்சாரத்தில் சூடேற்றும் உடைகள். ஆரம்ப கால உடை வெளிர் நீலத்தில் இருந்ததால் 'நீல முயல்' என்று செல்லப் பெயர். ஆனால் ஒரு இடத்தில் கம்பி அறுந்தால் சூடு போய்விடும். பிறகு வந்த மாடல்களில் இதைச் சரிசெய்தார்கள். விமானத்தின் ஜன்னல்களுக்கும் கண்ணாடி வந்தது.

பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் இன்னொரு வேடிக்கை. ஹீட்டர் காற்று வரும் வழி வயர்லெஸ் ஆபரேட்டரின் பக்கத்தில் இருந்தது. அவருக்கு வியர்க்கும். அதே விமானத்தின் வால் பகுதியில் தனியாக உட்கார்ந்திருந்த துப்பாக்கி வீரருக்கு ஹீட்டர் எட்டாது. இருட்டில் எதிரி விமானம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பலர் முன்னாலிருந்த பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திறந்த வெளியையே பார்த்து உட்கார்ந்தார்கள். பார்வைக்காகக் குளிரை விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரே விமானம், ஒரே இரவு, ஒருவருக்கு வியர்வை, இன்னொருவருக்கு உறைபனி. "இந்த ஜாக்கெட் கதகதப்பாக இருக்குமா" என்ற கேள்விக்கு, "எங்கே உட்காரப் போகிறாய்" என்று திருப்பிக் கேட்பதுதான் அன்று சரியான பதில்.

அசாமிலிருந்து இமயத்துக்கு

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பர்மா சாலையை ஜப்பான் அடைத்த பிறகு, 1942 முதல் 1945 வரை அசாமின் சாபுவா, தின்ஜான் போன்ற விமானத் தளங்களிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு அமெரிக்க விமானங்கள் சரக்கு ஏற்றிச் சென்றன. இமயமலையின் கிழக்குத் தொடரைத் தாண்டிய அந்தப் பாதைக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்', அதாவது திமில். தரையில் அசாமின் புழுக்கம், மேலே ஏறினால் பனிமலைக் குளிர். ஒரே பயணத்தில் இரண்டு பருவம்.

இந்தப் பகுதியில் பறந்தவர்களின் ஏ-2 ஜாக்கெட்டுகளில், "இவர் நண்பர், காப்பாற்றுங்கள்" என்ற பொருளில் சீன மொழியில் எழுதிய துணித் துண்டு தைக்கப்பட்டிருக்கும். காட்டில் விழுந்தால் உயிர் பிழைக்க அது ஒரு சிபாரிசுக் கடிதம். தோளில் தைக்கும் தோல் சின்னங்களில் பல, இந்தியக் கைவினைஞர்கள் கையால் வெட்டி வண்ணம் தீட்டியவை. சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனியாகத் தேடுகிறார்கள்.

1943: தோலுக்கு விடை

அமெரிக்க விமானப்படைத் தளபதி ஹாப் ஆர்னால்டின் முடிவுப்படி 1943-ல் ஏ-2வுக்கான புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. அதன் இடத்தில் வந்த பி-10, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியும் உள்ளே அல்பாகா ரோமக் கலவையும் கொண்டது. எடை குறைவு, கதகதப்பு அதிகம், தைக்கச் சுலபம், குதிரைத் தோலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிறகு நைலான் வந்தது, எம்ஏ-1 வந்தது. சிட்னி காட்டன் 1917-ல் கண்டுபிடித்ததை, 26 ஆண்டுகள் தோலைச் சுற்றி வந்து மறுபடி கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்லலாம்.

விமானிகளுக்கு இது பிடிக்கவில்லை. கையில் இருந்த ஏ-2வை விடாமல் போட்டார்கள். 1988-ல் அமெரிக்க விமானப்படை ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் குளிர் அதற்குக் காரணம் அல்ல. விமானிகளின் உற்சாகமும் படை மீதான பற்றும்தான் காரணம்.

நகல் பிறந்த கதை

பழைய அசல் ஜாக்கெட்டையே வாங்கிப் போடலாமே என்று கேட்கலாம். முடியாது. எண்பது வயதான தோல் காய்ந்து, சில சமயம் செம்பொடியாக உதிரும். செம்மறியாட்டு ஜாக்கெட்டுகளில் மேல்பூச்சு வெடித்து, தோள் தையல் காகிதம் போலக் கிழியும். அளவும் இன்றைய உடம்புக்குச் சின்னது. அசல் என்பது அலமாரிக்கு, போடுவதற்கு நகல்.

அமெரிக்காவில் 1975-ல் தொடங்கிய அவிரெக்ஸ் இதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. 1963-ல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஏ-2 போட்டு நடித்த ஸ்டீவ் மெக்வீன் ஏற்கெனவே ஆசையை விதைத்திருந்தார். 1986-ல் 'டாப் கன்' அதை அறுவடை செய்தது. ஆனால் இவை பெரும்பாலும் 'அந்த மாதிரி' ஜாக்கெட்டுகள். அச்சு அசலாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் வேறு. இங்கிலாந்தின் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தின் ஏரோ லெதர், ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் ஆகியவை அந்த வகை. பஸ் ரிக்சன் என்பது 1962-ல் வந்த 'தி வார் லவர்' படத்தில் மெக்வீன் நடித்த பாத்திரத்தின் பெயர்!

இவர்களுடைய நுணுக்கம் வியக்க வைக்கும். போர்க்காலத்தில் ஏ-2வை ஒரே தொழிற்சாலை தைக்கவில்லை. ரஃப் வேர், பெர்ரி, டூபோ, வெர்பர் என்று பல கம்பெனிகள் அரசிடம் ஒப்பந்தம் எடுத்துத் தைத்தன. வரைபடம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவரின் காலர் வளைவும், பாக்கெட் வடிவமும், தோள் அகலமும் வேறு வேறு. நகல் கம்பெனிகள் 'இன்ன ஒப்பந்தக்காரரின் இன்ன ஆண்டு ஒப்பந்தம்' என்று பிரித்துத் தைக்கின்றன. அதற்கான குதிரைத் தோலைப் பதனிட்டுத் தருவதில் ஜப்பானின் ஹிமேஜி நகரத்துக்குத் தனிப் பெயர்.

வணிகக் கண்ணோடு பார்த்தால் இது ஒரு விநோதமான சந்தை. அன்று குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்து, அவசரமாக, ஆயிரக்கணக்கில் தைத்த ஒரு அரசுச் சரக்கு. இன்று அதன் கோணல் தையலைக்கூட அப்படியே காப்பியடிக்க அதிக உழைப்பும் அதிக விலையும். வில்லியம் கிப்சன் 2003-ல் வெளியிட்ட 'பேட்டர்ன் ரெகக்னிஷன்' நாவலின் நாயகி, பஸ் ரிக்சன்ஸ் தயாரித்த கறுப்பு எம்ஏ-1 போட்டிருப்பார். அப்படி ஒரு கறுப்பு ஜாக்கெட்டை அந்தக் கம்பெனி அப்போது தயாரிக்கவே இல்லை. வாசகர்கள் கேட்கத் தொடங்கியதும் கம்பெனி உண்மையிலேயே தயாரித்தது. இல்லாத அசலுக்கு ஒரு நகல்!

சரி, இன்று போட்டால்?

அச்சு அசல் நகல் என்றால் குறையும் அச்சு அசல்தான் என்பதை வாங்குகிறவர் மறந்துவிடுகிறார். ஏ-2 நகல் வாங்கினால், 1931-ல் தீர்மானித்த அதே மெல்லிய பருத்தி லைனிங்தான் கிடைக்கும். ஒரு ஸ்வெட்டரோடு போட்டால் இளங்குளிருக்கும் பலத்த காற்றுக்கும் நன்றாக இருக்கும். பனி கொட்டும் நாளில் அது மட்டும் போதாது. உள்ளே தடிமனாகப் போடலாம் என்றால், அசல் வெட்டு ஒட்டிப் பிடிப்பதால் இடம் இருக்காது. அதனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே அளவு பார்த்து வாங்குவது நல்லது. இடுப்போடு முடிந்துவிடுவதால் உட்கார்ந்தால் முதுகின் கீழ்ப்பகுதியில் குளிர் தெரியும்.

புதுக் குதிரைத் தோல் விறைப்பாக, அட்டை மாதிரி இருக்கும். முழங்கை மடங்கும் இடத்தில் சுருக்கம் விழுந்து, உடம்புக்கு ஏற்றபடி பழக மாதக்கணக்கில் ஆகும். பழகிய பிறகு அது போட்டவருக்கென்றே வார்த்த மாதிரி இருக்கும் என்பதுதான் இதன் ரசிகர்கள் சொல்லும் பெரிய சுகம். வெள்ளாட்டுத் தோல் சீக்கிரம் மிருதுவாகும், தேய்மானத்தையும் தாங்கும்.

உண்மையான கதகதப்பு வேண்டுமென்றால் பி-3 அல்லது இர்வின் நகல்தான். கடும் குளிரில், திறந்த வெளியில், அசையாமல் நிற்க வேண்டியவருக்கு இதன் அருமை தெரியும். அதையே போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ காரிலோ ஏறினால் பத்து நிமிடத்தில் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றினால் வைக்க ஒரு சீட் வேண்டும்! மழையில் நனைந்தால் மெதுவாக, நிழலில் காயவிட வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும்.

மொத்தத்தில், கதகதப்பு வேண்டும் என்று மட்டும் பார்த்தால், இந்த ஜாக்கெட்டின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும் இறகு நிரப்பிய நைலான் ஜாக்கெட் ஏ-2வைத் தோற்கடித்துவிடும். ஏ-2 வாங்குபவர் உண்மையில் வாங்குவது காற்றைத் தடுக்கும் ஒரு நல்ல தோலையும், அதோடு ஒரு கதையையும். இரண்டும் மதிப்புள்ளவைதான். ஆனால் அந்தக் கதையைச் சரியாகத் தெரிந்து வாங்க வேண்டும். திரைப்பட நாயகனின் தோள்களோடு சேர்த்து, திறந்த ஜன்னல் ஓரத்தில் கையுறையைக் கழற்றிய அந்தத் துப்பாக்கி வீரரின் விரல்களும் அந்தக் கதையில் இருக்கின்றன. தோல் மட்டும் போதாது என்பதை உலகத்துக்கு நிரூபித்தவர்கள் அவர்கள்தான்.